பாவாடையில் ஓர் உள்பாக்கெட்

அனுப்புநர்
தையற்காரரின் மகள்,
பள்ளி இறுதித் தேர்வு எழுதிய மாணவி.
(பெயர், பதிவெண், முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி ஒட்டிய உறையில் வைத்துள்ளேன். இம்மனு பல மேசைகளைக் கடந்தே தங்களிடம் வரும். ஆகவே அவ்வுறையைத் தாங்கள் மட்டும் பிரிக்கும்படி வேண்டுகிறேன்.)

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொதுத்தேர்வுகள் இயக்ககம்.

பொருள்: பள்ளி இறுதித் தேர்வு – உயிரியல் தாள் – முறைகேடு செய்ததாக எனக்கு மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டது – உடந்தை என்று என் தந்தையின் பெயர் ஆணையில் சேர்க்கப்பட்டது – விசாரணையில் நான் உண்மையைச் சொல்லாதது – மறுவிசாரணை கோருவது – தொடர்பாக.

பார்வை: விசாரணைக் குழுவின் ஆணையும், அதன்கீழ் நான் இட்ட கையொப்பமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவில் வரும் சில சொற்கள் ஓர் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் வரக்கூடாதவை. அவற்றுக்குப் பதிலாக மரியாதையான சொற்களைப் போட்டு முதலில் ஒரு படி எழுதினேன். அதைப் படித்துப் பார்த்தபோது எனக்கு என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எனக்குப் பத்து வயதானபோது பெருங்குடலில் புண் உண்டாகும் நோய் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். மருத்துவர் என் அம்மாவிடம், "இது வந்துட்டுப் போற வியாதி இல்லம்மா. கூடவே இருக்கும். பக்குவமா பாத்துக்கிட்டா சத்தமில்லாம இருக்கும்" என்றார். அவர் சொன்னபடி சத்தமில்லாமல் இருந்த மாதங்களும் உண்டு. மற்ற மாதங்களில் முன்னறிவிப்பே இல்லாமல், நாளுக்குப் பல தடவை, இரத்தத்தோடு வயிறு போகும். "இயற்கை உபாதை" என்றுதான் முதற்படியில் எழுதியிருந்தேன். அது எல்லோருக்கும் வருவதுதானே என்று படிப்பவர் நினைத்துவிடுவார். எனக்கு வந்துவிட்டால், மற்றவர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ளும் நேரம்கூடக் கிடைக்காது.

2. எங்கள் வீட்டில் இந்த நோய்க்குப் பெயர் கிடையாது. "அது இன்னைக்கு எப்படி இருக்கு?" என்றுதான் அம்மா கேட்பார். உறவினர்களிடம் அல்சர் என்று சொல்லிவைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "அல்சர்னா பெரிய பெரிய ஆபீசருக்கெல்லாம் வருது. உனக்கு வந்திருக்கிறத எப்படிடி நாலு பேர் முன்னாடி சொல்றது?" என்றார். நோய் மிக முற்றியிருந்த ஆண்டில் கொடுத்த மாத்திரையால் என் முகம் பந்து போல உப்பிவிட்டது. அப்போது வந்த சித்தி என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் இவளப் பாத்தா ஒரு சதைப்பிடிப்பா இருக்கு. என்னக்கா குடுக்கிற?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்தபடி, "பால்தான்" என்றார்.

விருந்தினர் இருக்கும்போது நான் கழிவறைக்குள் போனால், என் தம்பி எங்கிருந்தாலும் ஓடிவந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. "இந்தப் பையனுக்கு என்னதான் பாட்டுப் பைத்தியமோ" என்று வந்தவர்கள் சொல்வார்கள். நான் வெளியே வந்ததும் பழையபடி குறைத்துவிடுவான். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

3. ஏழாம் வகுப்பில், வாசல் பக்கம் இடமும் கேட்டபோது வெளியே போக அனுமதியும் தரவேண்டும் என்று மருத்துவர் எழுதிய சான்றிதழை வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன். அவர் கெட்டவர் அல்லர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் எந்தத் தாள் வந்தாலும் வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். "பெருங்குடல்" என்ற சொல்லைத் தாண்டும்வரை வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது. அன்று மாலையே எனக்கு "எக்ஸ்பிரஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளியை விட்டு வரும்வரை அந்தப் பெயரில்தான் இருந்தேன். நான் எழுந்து நின்றால் பின்வரிசையிலிருந்து விசில் சத்தம் வரும். அதன்பிறகு எந்த ஆசிரியரிடமும் நான் சான்றிதழைக் கொடுத்ததில்லை. பள்ளி இறுதித் தேர்வுக்கு விண்ணப்பித்தபோதும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எனக்குத் தனியிடம் கிடைத்திருக்கும் என்பதை இப்போது அறிவேன். அப்போதும் அறிந்திருந்தேன்.

4. என் தந்தை பள்ளிச் சீருடைகள் தைக்கும் தொழில் செய்பவர். எட்டாம் வகுப்பில் ஒருநாள் பள்ளியிலிருந்து வீடு வருவதற்குள் உடுத்தியிருந்த பாவாடையிலேயே வயிறு போய்விட்டது. அன்று அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சில நாள் கழித்துப் புதிய பாவாடை ஒன்றைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, "வலது பக்கம் கைய விட்டுப் பாரும்மா" என்று மட்டும் சொல்லிக் கடைக்குப் போய்விட்டார். பக்கத் தையலுக்குள், மடிப்பில் மறையும்படி, அதே துணியில் ஓர் உள்பாக்கெட் இருந்தது. அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் மாற்று உள்ளாடை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. நடந்தாலும் உட்கார்ந்தாலும் வெளியே தெரியாது. அதற்குப்பின் நான் வளர வளர அவர் தைத்த ஒவ்வொரு பாவாடையிலும் நான் கேளாமலே அது இருந்தது.

5. உயிரியல் தேர்வன்று காலை நான் வெறும் வயிற்றோடுதான் போனேன். முந்தைய நாளும் ஏறக்குறைய அப்படித்தான். தேர்வு நாட்களில் நான் கடைப்பிடிக்கும் வழி அது. மாடியில் இருந்த மண்டபத்தில் நடுவரிசையில் எனக்கு இடம். வினாத்தாளில் பெருங்குடலின் பணிகளை விளக்கும்படி ஒரு கேள்வி வந்திருந்தது. அன்று அந்த மண்டபத்தில் அதற்கு என்னைவிட நன்றாக விடை எழுதக்கூடியவர் இருந்திருக்க முடியாது. உள்ளூரச் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். படம் வரைந்து பாகங்களைக் குறித்துக்கொண்டிருந்தபோது வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது.

எழுந்து நின்று, "சார், வெளிய போகணும்" என்றேன். வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் அறைக் கண்காணிப்பாளராக இருந்தார். "இப்பத்தானே ஆரம்பிச்சோம்? அதுக்குள்ள என்ன? அடக்கிக்கத் தெரியாத சின்னக் குழந்தையா நீ?" என்றார். மண்டபம் சிரித்தது. என் பள்ளி மாணவர் ஒருவர் பின்னாலிருந்து, "சார், அது எக்ஸ்பிரஸ் சார், நிக்காது" என்றார். கண்காணிப்பாளரும் சிரித்துவிட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். சற்றுப் பொறுத்து மீண்டும் எழுந்தேன். பறக்கும் படை வளாகத்துக்குள் வந்துவிட்டதாக அவருக்கு அப்போதுதான் தகவல் வந்திருந்தது. "படை வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்றார்.

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது நான் ஓடிவிட்டேன்.

6. மாடிக் கழிவறை பூட்டியிருந்தது. முந்தைய ஆண்டு அங்கே துண்டுச்சீட்டுகள் அகப்பட்டதால், தேர்வு நாட்களில் அதைப் பூட்டிவைக்க உத்தரவாம். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பூட்டைக் கையால் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தபோதே நடந்துவிட்டது. நின்ற இடத்தில், தரையெல்லாம்.

அந்தத் தாழ்வாரத்தைச் சுத்தம் செய்யும் அம்மா வாளியோடு வந்தார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நீ கீழ போ கண்ணு, கீழ திறந்திருக்கு. இத நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் கீழே போய்க் கழுவிக்கொண்டு, மாற்றிக்கொண்டு, பாவாடையின் ஓரங்களை அலசிப் பிழிந்துவிட்டு மேலே வந்தேன். கழற்றியதை அந்தப் பிளாஸ்டிக் உறையிலேயே சுற்றி அங்கிருந்த குப்பைக் கூடையில் போட்டேன். அந்த அம்மாவை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் சொல்லவில்லை.

மண்டப வாசலில் பறக்கும் படையைச் சேர்ந்த பெண் அதிகாரி நின்றிருந்தார். அனுமதியில்லாமல் வெளியே போனதாக என்னைச் சுட்டிக்காட்டினார்கள். அவர் என்னைச் சோதித்தார். உள்பாக்கெட் அவர் கையில் தட்டுப்பட்டது. அதற்குள் ஒன்றும் இல்லை.

"இதென்ன, யாருக்கும் தெரியாம உள்ளுக்குள்ள ஒரு பை? இதுல என்ன வெச்சிருந்த?"

அவர் கை பாவாடையின் ஓரத்துக்கு இறங்கியது.

"பாவாடை ஏன் நனைஞ்சிருக்கு? சீட்டத் தண்ணியில போட்டுக் கரைச்சுட்டு வந்தியா?"

மண்டபத்தில் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் எல்லாம் நின்றுவிட்டன. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அத்தனை பேர் முன்னிலையில் சொல்வதைவிட ஆமென்று தலையை ஆட்டுவது எளிதாக இருந்தது. ஆட்டிவிட்டேன்.

ஐயா, அவர் சந்தேகப்பட்டதில் குறை சொல்ல முடியாது. ஓடிப்போனவள், நனைந்த பாவாடை, மறைவான வெறும் பாக்கெட். நானே அதிகாரியாக இருந்திருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

7. விசாரணை தங்கள் இயக்ககத்திலேயே நடந்தது. ஒரு நீள மேசை. எதிரில் குழுவினர். எனக்கும் என் தந்தைக்கும் இரண்டு நாற்காலிகள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து வந்திருந்த அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். தலைவர் கண்ணியமாகவே பேசினார். "பயப்படாம சொல்லும்மா. அந்தப் பை எதுக்கு?" என்றார். நான் மேசைமேல் இருந்த தேநீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த உறுப்பினர், "வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்றார்.

அப்போது என் தந்தை எழுந்து நின்றார். "சார், அந்த உள்பாக்கெட்ட நான்தான் வெச்சுத் தைச்சேன்" என்றார்.

"நீங்களா? எதுக்கு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டதே அவருக்குப் பதிலாகிவிட்டது. "சும்மாதான் சார்" என்றார்.

"சும்மா யாராவது மறைவா பை வெச்சுத் தைப்பாங்களா? தொழிலே தையல்ங்கிறீங்க, பொண்ணு காப்பியடிக்கிறதுக்கா அந்தத் தொழில்?"

"இல்ல சார். சும்மாதான்" என்றே திரும்பவும் சொன்னார்.

என் தந்தை பொய் பேசிப் பழகாதவர். அதனால்தான் அந்தப் பொய்யை அத்தனை மோசமாகச் சொன்னார். ஆணையில், "மாணவியின் தந்தை தமது தொழில் திறமையைப் பயன்படுத்தி, முறைகேட்டுக்கென இரகசியப் பை தைத்துக் கொடுத்து உடந்தையாக இருந்துள்ளார்" என்று எழுதப்பட்டது. அதன்கீழ் நான் கையொப்பமிட்டேன். அவரும் இட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவரிடம், "நீங்களாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். எவ்வளவு வெட்கங்கெட்ட கேள்வி என்பது கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நீயே சொல்லாதத நான் எப்படிம்மா சொல்றது? அது உன் விஷயம்ல" என்றார்.

8. இவ்வாணையின் நகல் நான் படித்த பள்ளிக்கும் போயிற்று. அப்பள்ளி சீருடை தைக்கும் வேலையை என் தந்தையிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. கடையில் நீலத் துணிக் கட்டுகள் வராதது கண்டு நாங்களே தெரிந்துகொண்டோம்.

சென்ற வாரம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடையின் பின்பக்கத் திரைக்குள் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தபோது, நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. "அண்ணே, எனக்கும் அந்த ஸ்பெஷல் பை ஒண்ணு வெச்சுடுங்க. வீட்டுக்காரிக்குத் தெரியாம சிகரெட் வெச்சுக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். என் தந்தையும் சேர்ந்து சிரித்து, "வெச்சுட்டாப் போச்சு" என்றார். அவர் போனபிறகு மெஷின் ஓடும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். நெடுநேரம் கேட்கவில்லை. திரையை விலக்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லாமல் பின்வழியாகவே வந்துவிட்டேன்.

என் உடம்பால் எனக்கு நேர்ந்த வெட்கம் பழகிப்போனது. இது வேறு. என் வெட்கத்தை மறைக்க அவர் தம் பெயரைக் கொடுத்துவிட்டு, அதைப் பிறர் கேலி செய்யும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிறார். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

9. என் அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை என்பதையும் தெரிவித்துவிடுகிறேன். "காப்பியடிச்சவன்னு சொன்னா நாலு வருஷத்துல ஊரே மறந்துடும். இது மறக்காதுடி. நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?" என்று அழுதார். அவர் சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. "அப்பா பேரையும் மறந்துடுவாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் என் மருத்துவக் கோப்பை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அதிலிருந்துதான் இத்துடன் உள்ள நகல்களை எடுத்தேன்.

10. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

முதலாவதாக, என் தந்தையின் பெயரை ஆணையிலிருந்து நீக்கி, அவர் எவ்விதத் தவறும் செய்யவில்லை என்பதை அப்பள்ளிக்கும் எழுத்தில் தெரிவிக்கும்படி வேண்டுகிறேன். மற்றவை முடியாவிட்டாலும் இது ஒன்றை மட்டும் செய்து தாருங்கள்.

அடுத்து, நான் ஒப்புக்கொண்டதாக உள்ள வாக்குமூலம் பொய் என்பதை ஏற்று, எனக்கு மறுதேர்வு எழுத வாய்ப்பளிக்க வேண்டுகிறேன். பொய் சொன்னதற்காகத் தனியே தண்டனை உண்டென்றால் அதை ஏற்றுக்கொள்கிறேன். காப்பியடித்ததற்காக வேண்டாம்.

தேர்வு மண்டபங்களில் கழிவறைகளைப் பூட்டுவதைத் தடுத்து உத்தரவிடவும் வேண்டுகிறேன். வாசலில் ஒருவரை நிறுத்தினால் போதும். என்னைப் போன்ற பிள்ளைகள் வேறு மண்டபங்களிலும் இருப்பார்கள். அவர்களும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அறைக் கண்காணிப்பாளர்மீது நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. என் நோயை நான் சொல்லாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் சிரித்ததை மறக்க மட்டும் இன்னும் என்னால் முடியவில்லை.

மறுவிசாரணைக்கு அழைத்தால் நானே வருகிறேன். தாங்கள் கேட்பவற்றுக்கெல்லாம் இம்முறை வாய்திறந்து பதில் சொல்வேன். இந்த மாதம் உடம்பு சற்று மோசமாக இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து போக நேரலாம். அதை அவமரியாதையாகவோ, பதில் சொல்லாமல் தப்பிப்பதாகவோ எண்ணிவிட வேண்டாம். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
மனுதாரர்

நாள்: ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை
இடம்: என் வீடு

இணைப்பு: மருத்துவமனைச் சான்றுகளின் நகல்கள், ஏழாம் வகுப்பில் மருத்துவர் எழுதித் தந்த சான்றிதழின் நகல், விசாரணைக் குழுவின் ஆணை நகல், பெயரும் முகவரியும் உள்ள ஒட்டிய உறை.